விலக்குப் பட்டியல்

10.12.2021, வெள்ளி

பின்னேரம் தொடக்கம் போனில் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைகள். இரவு பத்து மணிக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஜாவாவில் எழுதிய மென்பொருள்கள் தங்கள் நடப்பைப் பதிந்துவைக்கப் பாவிக்கும் லொக்4ஜே என்ற அப்பாச்சி நூலகத்தில் ஓட்டை. பதியப்போகும் வரிக்குள் ‘ஜேஎன்டிஐ’ என்று தொடங்கும் ஒரு முகவரியை யாராவது நுழைத்துவிட்டால், அதை வெறும் எழுத்தாகப் பதியாமல், அந்த முகவரிக்கே போய் அங்கே கிடக்கும் நிரலை எடுத்துவந்து ஓட்டுகிறது. பெயர் கேட்கும் பெட்டியில் பெயருக்குப் பதிலாக அந்த வரியை அடித்தாலே போதும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் அடித்தே சேர்வரைப் பிடித்திருக்கிறார்கள்.

அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் சாவ்ஜுன் நவம்பர் 24ஆம் திகதியே அப்பாச்சிக்கு அறிவித்துவிட்டார். பாரதூரத்துக்கு 10க்கு 10 புள்ளி. அந்த வசதியை நூலகத்தில் சேர்த்தது 2013இல். எட்டு வருடமாக எல்லார் வீட்டுக்குள்ளும் இருந்திருக்கிறது.

எங்கள் கம்பனி நண்டும் மீனும் வாங்கி ஏற்றுமதிக்குக் கொடுக்கிறது. ஜாவா எழுதுபவர் இங்கே ஒருவரும் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்களுக்குள் என்ன கிடக்கிறது என்று யார் பார்த்தார்?

11.12.2021, சனி

அரை நாள் கந்தோர். விடியத் தொடங்கிய மழை விடவில்லை. கணினிகளின் பதிவுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஓசிஎஸ் இன்வென்டரியைத் திறந்து லொக்4ஜே என்று தேடினேன். 41 கணினி. ஒன்றிலும் இல்லை என்றது. சந்தோசப்படவில்லை.

அந்தப் பட்டியல் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘அன்இன்ஸ்டோல்’ என்ற கிளையை வாசித்து வருவது. ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது அங்கே தன் பெயரைப் பதிந்தால்தான் அதில் தெரியும். பென் டிரைவில் கொண்டுவந்து பிரதிபண்ணி அப்படியே ஓட்டுவது தெரியாது. இன்னொரு மென்பொருளின் உறுப்பாக உள்ளே கிடக்கும் நூலகத்துக்கு அங்கே இடமே இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான், ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு அடையாளக் கோப்பு வரவேண்டும் என்று ஐஎஸ்ஓ 19770-2 என்ற தரத்தை 2009இல் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பனிகள் சில அதன்படி செய்கின்றன. எங்கள் ஊர்க் கடைகளில் வாங்கும் கணக்கு மென்பொருளோடு நான் அதைக் கண்டதில்லை.

வின்32புரொடக்ட் என்ற வகுப்பிடம் கேட்டால் முழுப் பட்டியலும் வரும் என்று தேடுகிற இடமெல்லாம் எழுதியிருக்கிறது. அது பட்டியலோடு நிற்காது. எம்எஸ்ஐ வழியாக நிறுவிய ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தொடங்கும், பழுதென்று கண்டால் தானே திருத்தவும் வெளிக்கிடும். மாதமுடிவில் கணக்குப் பகுதிக் கணினியில் அதைச் செய்தால் என்னைக் கொண்டுபோய்ப் பாலத்தடியில் தள்ளிவிடுவார்கள்.

கோப்பு கோப்பாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

12.12.2021, ஞாயிறு

செபஸ்தியார் பேராலயத்தில் காலைப் பூசை. ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு.

கனடாவில் கியூபெக் மாகாண அரசு ஏறத்தாழ 4,000 இணையத்தளங்களைப் பூட்டிவிட்டதாகச் செய்தி. தாக்கப்பட்டதால் பூட்டவில்லை. எதில் லொக்4ஜே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இல்லாததால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். வாசித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

13.12.2021, திங்கள்

சேர் எட்டரைக்கே கூப்பிட்டார். “எங்களிட்ட இருக்கா, இல்லையா? ஒரு சொல்லில சொல்லும்.”

“புதன்கிழமை சொல்லுறன் சேர்.”

“அதுக்குள்ள ஆரும் உள்ளுக்கு வந்தா?”

வெளியிலிருந்து நேரே உள்ளே வரக்கூடிய வாசல் எங்களுக்கு இரண்டுதான், இரண்டையும் நேற்றிரவே அடைத்துவிட்டேன் என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

இனி ஸ்கானரை எப்படி அமைப்பது என்பது. கோப்பின் பெயரை வைத்துத் தேடுவது லேசு, பலனும் அந்தளவுதான். லொக்4ஜே-கோர் என்ற பெயரில் ஜார் கோப்பு தனியாகக் கிடந்தால் அகப்படும். ஆனால் ஜார் என்பதே ஒரு சிப் பொதி. பல மென்பொருள்காரர் தேவையான எல்லாவற்றையும் ஒரே ஜாருக்குள் திணித்து வேறு பெயரில் தருகிறார்கள். வார் கோப்புக்குள் ஜார், அந்த ஜாருக்குள் இன்னொரு ஜார். ஆகவே பெயரை விட்டுவிட்டு, பொதிகளைத் திறந்து உள்ளே ‘ஜேஎன்டிஐலுக்அப்’ என்ற வகுப்புக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டை அதில்தான். லொக்4ஜே-ஏபிஐ என்ற ஜார் தனியே இருந்தால் பயமில்லை. பெயரை மட்டும் பார்க்கிற ஸ்கானர் அதற்கும் கத்தும்.

கொரியாவின் லொக்பிரெசோ என்ற கம்பனி இதற்கென்றே ஒரு ஸ்கானரை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நம்புமுன் சோதித்தேன். ஓட்டை உள்ள 2.14.1 பதிப்பை என் கணினியில் பெயர்மாற்றி ஓரிடத்தில் போட்டேன். வார் கோப்பொன்றுக்குள் திணித்து இன்னோரிடத்தில் வைத்தேன். இரண்டையும் பிடித்தது. இந்த நட்டுவைக்கும் வேலையைச் செய்யாமல் எந்த ஸ்கானரின் ‘இல்லை’யையும் நான் எடுப்பதில்லை.

அடுத்தது நேரம். புத்தகங்களில் இரவில் ஓட்டச் சொல்லியிருக்கும். மன்னாரில் மாரிக்கு அது சரிவராது. இடி மின்னலுக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குப் போகுமுன் பிளக்கையே கழற்றிவிடுவார்கள். சரியான பழக்கம், மாற்றச் சொல்லவும் மாட்டேன். காலையில் வள்ளங்கள் கரைக்கு வரும். கொள்வனவு நிலையங்களில் நிறுவையும் ரசீதும் ஓயாது. பின்னேரம் கணக்குப் பகுதிக்குக் காசு கொடுக்கும் நேரம். மிஞ்சுவது பன்னிரண்டரை தொடக்கம் இரண்டு வரை. மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடட்டும், முடியாவிட்டால் மறுநாள் விட்ட இடத்துக் கோப்புறையில் இருந்து தொடங்கட்டும் என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். கணக்கு அக்காவின் கணினியில் நினைவகம் 4 ஜிபி, பழைய சுழலும் தட்டு. ஸ்கானர் ஒரு கோப்பைத் திறக்க, விண்டோஸ் டிஃபெண்டரும் பின்னாலேயே அதைத் திறந்து பார்க்கிறது. ஒரே தட்டில் இரண்டு வாசிப்பு.

“தம்பி, மவுஸ் அசையுதில்லை,” என்றார் அக்கா.

“சாப்பிட்டிட்டு வாங்கோ அக்கா.”

“நான் ரெண்டு மணிக்குத்தானே சாப்பிடுறது.”

அவருக்கு மட்டும் இரண்டு மணி.

14.12.2021, செவ்வாய்

கன்ரீனில் காஸ் சிலிண்டரை முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாடு முழுக்க வெடிக்கிற கதையைக் கேட்டு சமையல் அம்மா விறகுக்கு மாறிவிட்டா. தேத்தண்ணியில் புகைமணம்.

இன்று முழுக்க எதைப் பார்க்காமல் விடுவது என்ற வேலை. எதைத் தேடுவது என்று தீர்மானிக்க அரை மணி நேரம் போதும். எதை விலக்குவது என்பதில்தான் ஒரு ஸ்கானின் யோக்கியம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபக்ஸ் கம்பனிக்கு நடந்ததை நினைத்துக்கொண்டேன். அந்த மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இன்னொரு ஜாவா நூலகத்தில் ஓட்டை வெளியானது. அவர்கள் சும்மா இருக்கவில்லை, ஸ்கான் ஓட்டினார்கள். அது மேல் கோப்புறையில் மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் உள் கோப்புறையில் கிடந்தது. ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது, எல்லாரும் நிம்மதியானார்கள். மே நடுப்பகுதி தொடக்கம் ஜூலை முடிவு வரை, ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவுபோயின.

எங்கள் பட்டியலுக்கு வந்தவை. சேர்வரில் உள்ள பொதுக் கோப்புறை எல்லாக் கணினியிலும் ‘இசட்’ டிரைவாகத் தெரியும். விலக்காவிட்டால் 41 கணினியும் ஒரே கோப்புறையை வயர் வழியாக வாசிக்கும், வலையமைப்பு படுத்துவிடும். விலக்கு, ஆனால் சேர்வரில் ஒருமுறை நேரடியாகப் பார். அடுத்தது வன்டிரைவ். அதில் பல கோப்புகளுக்குப் பெயர் மட்டும்தான் கணினியில், உள்ளடக்கம் வெளியே. ஸ்கானர் ஒரு சிப் கோப்பைத் தொட்டால் விண்டோஸ் பணிவாக முழுவதையும் இறக்கிக் கொடுக்கும். சிலாவத்துறையில் டொங்கிளில் ஓடும் கணினிக்கு மாத டேட்டா ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். வெளியே உள்ளவற்றை விலக்கு, தட்டில் இறங்கியிருப்பவற்றைப் பார். விண்டோசின் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ விலக்கு. தன்னையே சுட்டும் பழைய இணைப்புக் கோப்புறைகளைத் தொடராதே. தொடர்ந்தால் முடிவே இல்லாமல் சுற்றும்.

மைக்ரோசொப்டின் பெரிய கருவியில், ‘எஸ்கேபிஎஸ்டபிள்யூஐ’ என்ற பெயரில் மறைவான ஒரு டாட் கோப்பைப் போட்டுவிட்டால் அந்தக் கோப்புறையை ஸ்கான் தாண்டிப் போய்விடும். வசதிதான். எனக்குப் பிடிக்காத வசதி. யார் போட்டது, ஏன் போட்டது என்று அந்தக் கோப்பு சொல்லாது. எங்கள் விலக்குகள் எல்லாம் ஒரே தாளில்: எந்த இடம், என்ன காரணம், யார் சொன்னது, எப்போது மீளப் பார்ப்பது.

பின்னேரம் சேருக்கு ஒரு யோசனை. “ஸ்கான் பண்ணுறதோட படம், பாட்டு, கள்ள சொப்ட்வெயார் எல்லாத்தையும் சேத்துப் பாரும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில மாட்டினா கம்பனிக்குத்தானே வழக்கு.”

புலமைச்சொத்துச் சட்டம் பற்றி அவர் சொன்னதில் பிழை இல்லை. லைசென்ஸ் இல்லாததைத் தேடத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஓட்டைக்காக என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டு, அந்த மறைப்பில் ஆட்களின் படக் கோப்புறையைக் கிண்டினால் அடுத்தமுறை மத்தியானம் எல்லாரும் கணினியை அணைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். வேறாகச் செய்வோம், முதலில் சொல்லிவிட்டுச் செய்வோம் என்றேன்.

“உமக்குச் சனத்தைப் பயம்,” என்றார். ஓம் சேர் என்றேன்.

15.12.2021, புதன்

முதல் அறிக்கைகள். ஓட்டை அடைக்க வந்த 2.15.0 போதாதாம், 2.16.0 வந்துவிட்டது.

நகரக் கந்தோரில் நினைத்ததைவிடக் கூட. வைஃபை பெட்டிகளை மேய்க்கும் யூனிஃபை கொன்ட்ரோலரில் இருந்தது, அதற்கு 6.5.54 என்ற திருத்தம் 10ஆம் திகதியே வந்திருக்கிறது. மீனவக் குடும்பங்களின் வருமானக் கணக்கெடுப்பைச் செய்யும் மிஸ்ஸின் லப்டொப்பில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளுக்குள் இருந்தது. யூபிஎஸ்ஸோடு வந்த பவர்ஷூட்டுக்குள்ளும். இதுதான் மனதுக்குக் கஷ்டம். இந்த 3ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் நின்றபோது, பற்றரி முடியுமுன் சேர்வரை ஒழுங்காக அணைத்துவைத்தது அதுதான்.

கணக்கு மென்பொருளுக்குள் கிடந்தது லொக்4ஜே 1.2. இந்த ஓட்டை அதில் இல்லை. ஆனால் அதைக் கவனிப்பதை அப்பாச்சி 2015 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. பட்டியலில் வேறு நிறத்தில் போட்டேன்.

ஒரு அதிகாரியின் வீட்டுக்குக் கொடுத்த லப்டொப்பில் மைன்கிராஃப்ட். மகன் விளையாடுகிறானாம். “அதை அழிச்சுப்போடாதேயும் தம்பி, வீட்டில சண்டை வரும்.” 1.18.1 பதிப்புக்கு மாற்றச் சொல்லி மகனிடமே போனில் சொன்னேன். என்னைவிட வேகமாகச் செய்துமுடித்தான்.

17.12.2021, வெள்ளி

தலைமன்னார். வாடைக் காற்றில் மோட்டார் சைக்கிளை நேராகப் பிடிப்பதே வேலை. பேசாலை தாண்டியதும் வீதி முழுக்கக் கடற்படையும் பொலிசும். சீனத் தூதுவர் படகில் இராமர் பாலத்து மணல்திட்டுகளைப் பார்க்கப் போகிறாராம், மீனவர்களுக்கு உதவிப் பொருளும் கொடுக்கிறாராம். கழுதைகள் மட்டும் யாருக்கும் வழி விடவில்லை.

இங்கே வரக் காரணம், நேற்று வந்த அறிக்கை. கண்டது 0. பார்த்த கோப்புகளின் தொகை மற்றக் கணினிகளில் இலட்சக் கணக்கில் இருக்க, இதில் சில ஆயிரம்தான். அனுமதி மறுக்கப்பட்ட கோப்புறைகள் ஒரு நீண்ட வரிசை. பன்னிரண்டரை வரை காத்திருக்க மனமில்லாமல் அங்கேயுள்ள தம்பி தானே ஸ்கானரைச் சொடுக்கி ஓட்டியிருக்கிறார். அப்படி ஓட்டினால் அவருடைய கணக்குக்கு எட்டிய இடத்தை மட்டும் பார்க்கும். மற்றப் பயனாளர்களின் கோப்புறைகள் பூட்டுத்தான். கணினியின் சொந்தக் கணக்கில், ‘சிஸ்டம்’ என்ற பெயரில் ஓடவேண்டும். அறிக்கையில் கண்டதை மட்டும் எழுதாமல் பார்த்ததையும் தாண்டியதையும் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

கடைகளில் பொருத்தித் தரும் எல்லாக் கணினியையும் போல இதிலும் தட்டை ‘சி’, ‘டி’, ‘ஈ’ என்று கூறுபோட்டிருக்கிறார்கள். பழைய ஊழியர் விட்டுப்போன மென்பொருள்கள் எல்லாம் ‘ஈ’யில். சரியான கணக்கில் ஓட்டினேன். அங்கேயும் லொக்4ஜே, 2.8. அதை யாரும் பாவிப்பதில்லை. அழித்தேன்.

19.12.2021, ஞாயிறு

2.17.0 வந்திருக்கிறது. 2.16.0இல் வேறொரு பிழை: ஒரு வரியைக் கொடுத்துச் சுற்றவைத்தே சேர்வரை விழுத்தலாமாம்.

முதல் நாளே ஸ்கானரிடம் ‘ஓட்டை உண்டு, இல்லை’ என்ற தீர்ப்பை மட்டும் கேட்டிருந்தால் இன்று 41 கணினியையும் திரும்ப ஓட்டவேண்டி வந்திருக்கும். நான் வாங்கிவைத்தது தீர்ப்பில்லை, விபரம். எந்தக் கணினி, எந்தப் பாதை, எந்தப் பதிப்பு, கோப்பின் ஹாஷ், வகுப்புக் கோப்பு உள்ளே இருக்கிறதா. 2.16.0 இருந்த இடங்களை விரிதாளில் வடிகட்டி எடுத்தேன். பூசைக்குப் போகுமுன் வேலை முடிந்தது.

20.12.2021, திங்கள்

தன்மீது நடந்த தாக்குதலுக்கு லொக்4ஜே ஓட்டைதான் வாசல் என்று பெல்ஜியம் பாதுகாப்பு அமைச்சு ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஐஸ் ஆலைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் தந்தவர்களுக்கு மூன்றாம் முறை போன். “எங்கட சொப்ட்வெயாரில அப்பிடி ஒண்டும் இல்லை, நாங்கள் ஜாவாவே பாவிக்கிறேல்லை.” சண்டை போடவில்லை. பாதை, பதிப்பு, ஹாஷ் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். அறிக்கை அச்சிடுவதற்கு அவர்கள் வேறு யாரிடமோ வாங்கிச் சேர்த்த பகுதிக்குள் கிடக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் பதில் வந்தது: “பார்க்கிறோம்.” ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்தேன்.

அவர்களுடைய நிறுவல் பொதி இன்னும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறைகளில் சிப் ஆகக் கிடக்கிறது. யாராவது மறுபடி நிறுவினால் எல்லாம் பழையபடி. சிப் கோப்புகளுக்குள்ளும் பார் என்ற தெரிவைப் போட்டு அந்தக் கோப்புறைகளை மட்டும் ஓட்டினேன்.

21.12.2021, செவ்வாய்

நடுச்சாமத்தில் பெற்றோல் 20 ரூபா ஏறிவிட்டது, லீற்றர் 177. சிலாவத்துறைக்கு நேரில் போகவேண்டாம் என்றார் சேர். வங்காலைப் பக்கம் பூநாரை வந்திருக்கிறதாம், பார்க்கக் கிடைக்கவில்லை. சிலாவத்துறையிலுள்ள தங்கச்சி அறிக்கைக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்த தொகை சரி, மறுக்கப்பட்டது இல்லை, கண்டது இல்லை. இந்த 0 எனக்குப் பிடித்தது.

23.12.2021, வியாழன்

திருத்தங்கள். பவர்ஷூட்டை நிறுத்திவைத்து, அந்த வேலையை விண்டோசின் சொந்த மின்வசதியிடமே கொடுத்தேன். அரைகுறைதான், ஆனால் அணைக்கும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஜாருக்குள் இருந்து ‘ஜேஎன்டிஐலுக்அப்’பை மட்டும் வெட்டி எடுத்தேன். மென்பொருள் ஓடுகிறது. ஆனால் ஹாஷ் மாறிவிட்டது, அடுத்த ஸ்கானில் அறியாத கோப்பு என்று கத்தும். புது ஹாஷைக் காரணத்தோடு பதிந்தேன்.

கணக்கெடுப்பு மிஸ் வந்து, தன் பழைய ஆய்வுக் கோப்புறையை நிரந்தரமாக விலக்கச் சொன்னார். உள்ளே குடும்பங்களின் வருமான விபரம். நியாயமான பயம். ஸ்கானர் எக்செல் கோப்புகளைத் திறப்பதில்லை, ஜார் வகைகளை மட்டும்தான் என்று அவருக்கு முன்னால் ஓட்டிக் காட்டினேன். விலக்கவில்லை. அறிக்கையை முதலில் அவர் பார்த்துவிட்டுத் தருவது என்று முடிவு.

29.12.2021, புதன்

2.17.1. நாலாவது. பதிவின் அமைப்புக் கோப்பையே மாற்றக்கூடியவர் உள்ளே இருந்தால்தான் இது ஆபத்து. விரிதாளில் தேடினேன், அவசரம் ஒன்றும் இல்லை, ஜனவரியில் செய்யலாம்.

விலக்குப் பட்டியலைச் சேரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். முழுவதும் வாசித்தார், எதிர்பார்க்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தார். “இதென்ன, பேசாலை நிறுவைக் கொம்பியூட்டர், ‘ஸ்கான் இல்லை’ எண்டு கிடக்கு?”

“அது விண்டோஸ் எக்ஸ்பி சேர். ஸ்கானர் அதில ஓடாது. தராசின்ர கார்ட்டுக்குப் புது டிரைவர் இல்லை.”

“அப்ப?”

“நெட் வயரைக் கழற்றிப்போட்டன். தட்டைக் கழற்றி என்ர மெசினில போட்டுக் கையால பாத்தன், ஜாவா இல்லை. திகதி போட்டு எழுதியிருக்கு. மாசி மாசம் திரும்பப் பாக்கவேணும்.”

“புதுத் தராசு என்ன விலை?”

டொலர் இருக்கிற நிலையில் விலை கேட்டால் ஒரு கடையும் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் தன் கையால் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.